இல்லாத நாற்காலிக்கு ஓர் இடம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மொசைக் தரை. 1980களில் அப்பா வீடு கட்டியபோது போட்டது. சாம்பல், கறுப்பு, செங்கல் நிறச் சில்லுகள் இறைந்து கிடக்கும். போன மாதம் ஒரு நாற்காலி வாங்கலாம் என்று மேசை நாற்காலி விற்கும் ஆப் ஒன்றைத் திறந்து, கைப்பேசியின் கேமராவைத் தரைப்பக்கம் காட்டினேன். திரையில் சிறு புள்ளிகள் மொய்த்தன. இரண்டு நொடியில் ஒரு தேக்கு நாற்காலி தரையில் கால் ஊன்றி நின்றது. சுற்றி வந்தேன், முதுகுப் பக்கம் தெரிந்தது. குனிந்தேன், இருக்கையின் அடிப்பக்கம் தெரிந்தது. கைப்பேசியோடு சமையலறைவரை போய்த் திரும்பியபோதும் விட்ட இடத்திலேயே நின்றது.

அதே நாற்காலியை மாடி அறையிலும் வைத்துப் பார்க்க நினைத்தேன். அங்கே தரை புதிது. கோடுகூடத் தெரியாத வழுவழு வெள்ளை டைல்ஸ். சுவரும் வெள்ளை. ஐந்து நிமிடம் போராடியும் நாற்காலி நிற்கவில்லை. ஒரு தடவை அந்தரத்தில் மிதந்தது, ஒரு தடவை சுவருக்குள் புகுந்தது, நான் நகர்ந்தால் கூடவே வழுக்கிக்கொண்டு வந்தது.

கைப்பேசி அதேதான், ஆப் அதேதான், நாற்காலியும் அதேதான். மாறியது தரை மட்டும். ஏன் இப்படி என்று தேடிப் போனால் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நிலை பிடிபட்டுவிடும். நாற்காலியை வரைவது கணினிக்குப் பெரிய காரியமே இல்லை. வீடியோ கேம்கள் அதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. வரைந்ததை ஓரிடத்தில் நிற்க வைப்பதுதான் பாடு. இந்தத் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த உழைப்பில் பெரும்பங்கு அந்த ஒன்றுக்காகச் செலவானது.

ஆக்மென்டட் ரியாலிட்டி என்பதைத் தமிழில் மிகை மெய்ம்மை, மிகை யதார்த்தம், புனை மெய்யாக்கம் என்று பலவாறாக எழுதுகிறார்கள். துறையில் இருப்பவர்கள் பேச்சில் ஏ.ஆர். என்று முடித்துக்கொள்வார்கள். நான் மிகை மெய்ம்மை என்றே எழுதுகிறேன். மெய்நிகர் உலகம் எனப்படும் வி.ஆர். நம் கண்ணை முழுக்க மூடிவிட்டு வேறோர் உலகத்தைக் காட்டும். மிகை மெய்ம்மை நாம் நிற்கும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் ஒன்றைச் சேர்க்கும். எது மிகை மெய்ம்மை, எது இல்லை என்பதற்கு இன்றுவரை எல்லோரும் எடுத்தாளும் வரையறையை 1997இல் ரொனால்ட் அசுமா என்ற ஆய்வாளர் கொடுத்தார். அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று. உண்மையும் உருவாக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். நாம் அசைய அசைய அந்தக் கணத்திலேயே அதுவும் மாற வேண்டும். உருவாக்கிய பொருள் முப்பரிமாண வெளியில் தன் இடத்தோடு பொருந்தி நிற்க வேண்டும்.

இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். சினிமாவில் நடிகருக்குப் பக்கத்தில் நடந்துவரும் டைனோசர் முதல் நிபந்தனையிலும் மூன்றாவதிலும் தேறும். ஆனால் அது மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை, அந்தக் கணத்தில் நடப்பதில்லை. தொலைக்காட்சியின் அடியில் ஓடும் ஸ்கோர் பட்டை திரையில்தான் ஒட்டியிருக்கிறது, மைதானத்தில் ஒட்டவில்லை. பிள்ளைகள் கைப்பேசியில் முகத்துக்கு நாய்க்காது வைத்து விளையாடுகிறார்களே, அது மூன்றிலும் தேறிவிடும். தலையை எப்படித் திருப்பினாலும் காது தலையிலேயே இருக்கும். மிகை மெய்ம்மையைப் பார்த்ததே இல்லை என்று சொல்பவர்கள்கூட இதைப் பார்த்திருப்பார்கள்.

இதன் ஒளியியல் வேர் கணினிக்கும் மூத்தது. இரவுப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே விளக்கு எரிந்தால் கண்ணாடியில் நம் முகமும் எதிர் இருக்கையும் தெரியும், அதன் ஊடே வெளியே வயல்களும் தெரியும். முகம் வயலில் மிதப்பதுபோல் இருக்கும். கண்ணாடி ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பி மீதியை ஊடே விடுவதால் வரும் விளைவு இது. 1862 டிசம்பரில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் இதையே மேடையில் காட்டினார். மேடைக்கு முன் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி, பார்வையாளர் கண்ணுக்குப் படாத பள்ளத்தில் ஒளி பாய்ச்சப்பட்ட ஒரு நடிகர். பள்ளத்தில் இருந்தவரின் பிம்பம் மேடையில் ஆவியாக நடமாடியது. 1900இல் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் அதே தத்துவத்தில் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் கருவியைச் செய்தார். கண்ணாடியில் தெரியும் குறி, வெகுதொலைவில் இருக்கும் இலக்கின்மேலேயே பதிந்திருப்பதுபோல் தோன்றும்படி லென்ஸ் அமைத்தார். பின்னாளில் போர் விமானங்களில் விமானிக்கு முன் கண்ணாடியில் அளவுகள் மிதந்ததற்கு இதுவே வழிகாட்டி.

ஆனால் பெப்பரின் ஆவிக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்புகிறார் என்று கருவி அறிந்துகொண்டு, அதற்கேற்பப் படத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் 1968இல் செயலுக்கு வந்தது. இவான் சதர்லேண்ட் தன் மாணவர்களோடு செய்த தலையணிக் காட்சிக் கருவி அது. இரண்டு கண்ணுக்கும் இரண்டு சின்னஞ்சிறு படக்குழாய்கள், அவற்றுக்கு முன் பாதி ஊடுருவும் ஆடிகள். அணிந்தவருக்கு அறையும் தெரியும், அறைக்குள் மிதக்கும் கோட்டுக் கனசதுரமும் தெரியும். தலையின் இடத்தை அறிய, விட்டத்திலிருந்து ஒரு தண்டு தொங்கி அவர் தலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. தண்டு எவ்வளவு திரும்பியது, எவ்வளவு நீண்டது என்பதைக் கணினி படித்துக்கொள்ளும். தலைக்கு மேல் அது தொங்கிய கோலத்தைப் பார்த்து, கிரேக்கக் கதையில் ஒற்றை மயிரில் தொங்கும் டாமக்ளீசின் வாளின் பெயரை அதற்கு வைத்தார்கள். அத்தனை பெரிய தண்டு எதற்காக? படம் காட்டுவதற்கு அது தேவையில்லை. தலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குத்தான். என் கூடத்து நாற்காலியின் பிரச்சினை அன்றைக்கே விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெயர் பிறந்தது தொழிற்சாலையில். ஒரு பெரிய விமானத்துக்குள் ஓடும் கம்பிகளைக் கற்றை கற்றையாகக் கட்டித்தான் உள்ளே பொருத்துவார்கள். கற்றை கட்ட ஒட்டுப்பலகை வேண்டும். எந்தக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்று அதில் வரைந்து முளைகள் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு வகைக் கற்றைக்கும் தனிப் பலகை. விமானத்தின் அமைப்பு மாறினால் பலகையும் மாறும். போயிங் நிறுவனத்தில் இருந்த டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் 1990 வாக்கில் ஒரு வழி யோசித்தார்கள். பலகை வெறுமையாக இருக்கட்டும், தொழிலாளி ஊடே பார்க்கக்கூடிய ஒரு கண்ணாடி அணியட்டும், கம்பி போகும் வழியை அந்தக் கண்ணாடி பலகைமேல் காட்டட்டும். இதற்கு வைத்த பெயர்தான் ஆக்மென்டட் ரியாலிட்டி. 1992இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். பட்டறைக் கவலை ஒன்றிலிருந்து இந்தச் சொல் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி கைப்பேசிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எளிய வழியிலிருந்து தொடங்கலாம். கூடத்தில் கிடக்கும் கேரம் போர்டை வாசலில் நின்று பார்த்தால் அது சதுரமாகத் தெரியாது. நம் பக்கத்து விளிம்பு நீளமாகவும் அந்தப் பக்கத்து விளிம்பு குட்டையாகவும் கோணலாகத் தெரியும். போர்டு உண்மையில் சதுரம், அதன் அளவு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்தக் கோணலிலிருந்தே நாம் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். நான்கு மூலைகளின் இடம் தெரிந்தால் போதும். கேமராவின் இருப்பைச் சொல்ல வேண்டிய எண்கள் ஆறு. முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று நகர்வுகள். குனிதல், திரும்புதல், சாய்தல் என மூன்று திருப்பங்கள். இந்த ஆறும் கிடைத்துவிட்டால் எந்தப் பொருளையும் சரியான கோணத்தில் வரைந்து ஒட்டிவிடலாம். 1999இல் ஹிரோகாசு காட்டோவும் மார்க் பில்லிங்ஹர்ஸ்டும் கொண்டுவந்த ஏ.ஆர். டூல்கிட் என்ற நிரல்தொகுப்பு இந்த வழியில் இயங்கியது. கறுப்புச் சட்டமிட்ட ஒரு சதுரத்தைத் தாளில் அச்சடித்துக் கேமராவுக்குக் காட்டினால் அதன்மேல் உருவம் எழுந்து நிற்கும். பின்னர் அதன் மூலநிரலையும் திறந்துவிட்டதால் உலகமெங்கும் மாணவர்கள் அதை வைத்தே இந்தத் துறைக்குள் வந்தார்கள்.

அந்தச் சதுரத்துக்குள் ஒரு குறி இருக்கும். வாசலில் போடும் எட்டுப்புள்ளிக் கோலத்தை அந்தக் குறியாக வைத்தால் என்ன ஆகும்? கோலம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்கும். அதுதான் அதன் அழகு. ஆனால் நாம் வாசற்படியில் நிற்கிறோமா, தெருவில் நிற்கிறோமா என்று கைப்பேசிக்கு அதிலிருந்து தெரியாது. நான்கு பக்கமும் ஒன்றாகத் தெரியும் குறிக்கு நான்கு விடைகள் வரும். அதனால் குறிக்கு ஒரு பக்கமாவது மாறியிருக்க வேண்டும். டீக்கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைக் கவனியுங்கள். பெரிய கட்டங்கள் மூன்று மூலைகளில்தான் இருக்கும், நான்காவது மூலையில் இருக்காது. கைப்பேசியை எப்படிப் பிடித்தாலும் எது மேல், எது கீழ் என்று அது கண்டுகொள்வதற்கான ஏற்பாடு அது.

என் கூடத்துத் தரையில் யாரும் குறி ஒட்டவில்லை. அங்கே கைப்பேசி தனக்கான குறிகளைத் தானே தேடிக்கொண்டது. ஒரு தாளில் சிறு துளை போட்டு அதன் வழியே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துளைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் நகர்ந்தால் நகர்ந்ததே தெரியாது. ஒரு கோடு இருந்தால், அது குறுக்கே நகர்வது தெரியும், தன் நீளவாக்கில் நகர்வது தெரியாது. ஒரு மூலை இருந்தால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தெரிந்துவிடும். ஆகவே கேமராப் படத்தில் மூலைகளையும் கூரான முனைகளையும் மென்பொருள் தேடிப் பொறுக்குகிறது. மொசைக் சில்லுகளில் அவை நூற்றுக்கணக்கில் கிடைக்கும். திரையில் மொய்த்த புள்ளிகள் அவைதாம். வெள்ளை டைல்ஸில் பிடிக்க ஒன்றுமில்லை. அதைவிட மோசம், பளபளப்பில் தெரியும் விளக்கின் பிம்பம். நாம் நகர்ந்தால் அந்தப் பிம்பமும் நகரும். அதை நிலையான புள்ளி என்று நம்பிய மென்பொருள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

புள்ளிகள் கிடைத்த பிறகு அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். ரயில் சன்னலில் பார்த்தால் பக்கத்துத் தந்திக் கம்பங்கள் பறக்கும், நடுவில் இருக்கும் பனைமரங்கள் மெல்ல நகரும், தொலைவு மலை கூடவே வருவதுபோல் இருக்கும். வேகமாக நகர்வது அருகில், மெல்ல நகர்வது தொலைவில். ஒற்றைக் கேமராவை வைத்துக்கொண்டு கைப்பேசி தூரம் கணிப்பது இப்படித்தான். கைப்பேசியை மெல்ல அசையுங்கள் என்று ஆப் கேட்பதற்கு இதுதான் காரணம். அசையாத கேமரா, நின்றுபோன ரயில்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய படங்களில் பொம்மை ரயிலைக் கவிழ்த்து உண்மையான விபத்துபோல் காட்டினார்கள் அல்லவா? படத்தை மட்டும் பார்த்து, ரயில் பொம்மையா நிஜமா என்று கேமராவால் சொல்ல முடியாது. சிறியது அருகில் நின்றாலும் பெரியது தொலைவில் நின்றாலும் பிம்பம் ஒன்றுதான். நாற்காலி உண்மையான அளவில் நிற்க வேண்டுமானால் ஓர் அளவுகோல் வேண்டும். அதைக் கொடுப்பது கைப்பேசிக்குள் இருக்கும் இரண்டு சிறு உணரிகள். ஒன்று முடுக்கத்தை அளக்கும், மற்றொன்று திருப்பத்தை அளக்கும். கை உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்று அவை சொன்னால், படத்தில் புள்ளிகள் நகர்ந்த அளவோடு ஒப்பிட்டு மீட்டர் கணக்குக்கு வந்துவிடலாம்.

அப்படியானால் உணரிகளை மட்டும் நம்பினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. முடுக்க உணரியில் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து தூரம் என்று இரண்டு முறை கூட்டிக்கொண்டே போகும்போது அந்தச் சிறு பிழை பெருகும். பத்து நொடியில் அரை மீட்டர் தவறும். ஒரு நிமிடத்தில் 18 மீட்டர் தவறும், நாற்காலி பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். ஜி.பி.எஸ். இங்கே உதவாது. திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை வரும், வீட்டுக்குள் சிக்னலே தடுமாறும். கண்ணை மூடிக்கொண்டு சொந்த வீட்டில் நடந்தால் நாலைந்து அடி சரியாகப் போவோம், பிறகு எதிலாவது இடித்துக்கொள்வோம். இடையிடையே கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டால் இடிக்காமல் போகலாம். கைப்பேசி செய்வது அதுதான். உணரிகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து அந்தந்தக் கணத்தைத் தாக்குப்பிடிக்கின்றன. நொடிக்கு 30 அல்லது 60 முறை படமெடுக்கும் கேமரா அவற்றின் பிழையைத் திருத்திக்கொண்டே வருகிறது.

தெரியாத இடத்துக்குள் நுழைந்து, வரைபடத்தை வரைந்துகொண்டே அந்த வரைபடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்றும் கண்டுபிடிக்கும் இந்த முறை ரோபோ ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ஸ்லாம் என்று அழைப்பார்கள். 2007இல் ஆக்ஸ்போர்டில் ஜார்ஜ் கிளைன், டேவிட் மரே இருவரும் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் உடனுக்குடன் கணிப்பது ஒன்று. வரைபடத்தைச் செம்மைப்படுத்துவது இன்னொன்று. அது நிதானமாகப் பின்னால் நடக்கலாம். இரண்டும் அருகருகே ஓடியதில், குறி ஏதும் ஒட்டாத சாதாரண மேசைமேல் உருவங்கள் அசையாமல் நின்றன. ஆப்பிள் 2017இல் கொண்டுவந்த ஏ.ஆர்.கிட், கூகுள் கொண்டுவந்த ஏ.ஆர்.கோர் ஆகியவற்றுக்கு வழி திறந்த வேலைகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. சமையலறைக்குப் போய்த் திரும்பும் வழியில் கைப்பேசியின் கணிப்பு சற்றே நழுவியிருக்கும். கூடத்துக்குள் வந்ததும் பழைய சில்லுகளை அது அடையாளம் கண்டு, நழுவிய அளவைச் சரிசெய்துகொண்டது. அதனால்தான் நாற்காலி விட்ட இடத்தில் நின்றது.

விலை உயர்ந்த சில கருவிகளில் லைடார் என்ற ஒளித் தூரமானியும் இருக்கிறது. 2020இல் ஐபேட் புரோவில் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும் என்பதை நினைத்தால் எவ்வளவு நுட்பமான கடிகாரம் வேண்டும் என்பது புரியும். வெள்ளைச் சுவரிலும் தூரம் கிடைப்பது இதன் பலன்.

இடம் தெரிந்தால் போதாது, நேரத்துக்குள் தெரிய வேண்டும். தலையை நொடிக்கு 50 பாகை வேகத்தில் திருப்புகிறோம், அதுவொன்றும் பெரிய வேகமில்லை. கருவி பத்தில் ஒரு நொடி தாமதித்தால் படம் 5 பாகை பின்தங்கும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் நாற்காலி 26 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கைப்பேசியில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே அறையையும் கேமராப் படமாகத்தான் பார்க்கிறோம், ஆகவே இரண்டும் சேர்ந்தே தாமதிக்கும். ஊடே பார்க்கும் கண்ணாடியில் அப்படி முடியாது. உலகம் ஒளி வேகத்தில் வந்து சேர்ந்துவிடும், கணினியின் படம் பின்னால் ஓடிவரும். கண்ணாடிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது ஒளியைக் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. அதில் கறுப்பு நிறத்தைக் காட்ட வழியில்லை. கறுப்பு என்று வரைந்தால் அந்த இடம் வெறுமையாகப் பின்னால் உள்ள சுவரைக் காட்டும். வெயிலில் படம் வெளிறிப்போகும். 2024இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ இதைத் தவிர்க்க, உலகத்தையே கேமராக்கள் வழியாக எடுத்து 12 மில்லிநொடிக்குள் கண்ணுக்குக் காட்டும் வழியைத் தேர்ந்தது. அதற்கான விலை 3,499 டாலர். முகத்தில் தாங்க வேண்டிய எடை அரைக் கிலோவுக்கும் மேல்.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்காலியின் காலடியில் ஒரு மங்கலான நிழல் இல்லாவிட்டால், எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் அது மிதப்பதுபோலவே தோன்றும். பொருள் தரையைத் தொடுகிறது என்று நம் மூளை நம்புவதற்கு நிழலை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை ஆப்பில் நிழலை அணைத்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

பயன்களில் எனக்கு மிக நெருக்கமானது ஒன்று. அம்மாவுக்கு ட்ரிப் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நர்சுகள் நரம்பு கிடைக்கவில்லை என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் நரம்பு என்றாலும் அவர்கள் தேடுவது சிரையை. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது எளிதில் சிக்காது. ஒரு மருத்துவமனையில் கையடக்கக் கருவி ஒன்றை அம்மாவின் முழங்கைமேல் பிடித்தார்கள். தோலின்மேலேயே சிரைகள் கிளைகிளையாகத் தெரிந்தன. கையைத் திருப்பியபோது அவையும் சேர்ந்து திரும்பின. முதல் குத்திலேயே ஊசி ஏறியது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அண்மையிலுள்ள அகச்சிவப்பு ஒளியை இரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிக்கொள்ளும், சுற்றியுள்ள சதை திருப்பி அனுப்பும். கருவி அந்த வித்தியாசத்தைப் படமெடுத்து அந்த இடத்திலேயே ஒளியால் வரைகிறது. தலையில் மாட்ட எதுவுமில்லை, திரை இல்லை. அசுமாவின் மூன்று நிபந்தனைகளும் அம்மாவின் கைமேல் நிறைவேறின.

தொலைக்காட்சியிலும் முன்னோடி வேலை ஒன்று நடந்தது. 1998 செப்டம்பர் 27 அன்று அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில், ஆட்டக்காரர்கள் கடக்க வேண்டிய எல்லையைப் புல்வெளியில் மஞ்சள் கோடாக முதன்முதலில் காட்டினார்கள். கேமரா எங்கே திரும்பினாலும் கோடு புல்லிலேயே கிடந்தது. ஆட்டக்காரர்கள் அதன்மேல் ஓடினார்கள், கோடு அவர்கள் காலுக்கு அடியில் போனது. மழைநீர் வடிய மைதானங்களின் நடுப்பகுதியைச் சற்று மேடாக வைத்திருப்பார்கள். அந்த மேட்டைக்கூட அளந்து கணினியில் ஏற்றினார்கள். புல்லின் நிறம் எது, சட்டையின் நிறம் எது என்று பிரித்து, புல் தெரியும் இடத்தில் மட்டும் மஞ்சள் பூசினார்கள்.

போயிங் கம்பிக் கற்றைக்கு என்ன ஆயிற்று? அதைச் சொல்லக் கூகுள் கிளாஸிலிருந்து தொடங்க வேண்டும். கேமராவும் சிறு திரையும் வைத்த அந்தக் கண்ணாடி 2013இல் 1,500 டாலருக்கு வந்தது. எதிரில் இருப்பவரை எப்போதும் கேமரா பார்த்துக்கொண்டிருப்பதைப் பொதுமக்கள் வெறுத்தார்கள். 2015 தொடக்கத்தில் பொது விற்பனை நின்றது. ஆனால் போயிங் பட்டறையில் அதே கண்ணாடியை அணிந்து கம்பி கட்டினார்கள், நேரம் 25 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கண்ணாடி பலகைமேல் எதையும் பொருத்திக் காட்டவில்லை. கண்ணோரத்தில் ஒரு சிறு திரையில் குறிப்புகளைக் காட்டியது, அவ்வளவுதான். காடெலும் மிசெலும் கண்ட கனவில் கடினமான பாதியை விட்டுவிட்டு எளிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதால் அது வேலைக்கு உதவியது. அந்தக் கண்ணாடியின் தொழிற்சாலை வடிவமும் 2023இல் நின்றது. பொருத்திக் காட்டும் திறன் கொண்ட மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் தலையணியின் உற்பத்தி 2024இல் நின்றது. கருவியைத் தலையில் மாட்டும் வழி இன்னும் கைகூடவில்லை என்பதே என் கணிப்பு. கைப்பேசியில் கைகூடிவிட்டது, ஏனென்றால் அது ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது.

இடத்தைப் பற்றிய கேள்வி பொறியியலோடு முடிவதில்லை. 2016 ஜூலையில் வெளியான போகிமான் கோ விளையாட்டில் கற்பனை விலங்குகளைத் தேடிக்கொண்டு மக்கள் தெருவெங்கும் திரிந்தார்கள். விலங்குகள் எங்கே தோன்ற வேண்டும் என்று தீர்மானித்தது கணினி. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவிலும் அவை தோன்றின. ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன் அவற்றை நீக்குமாறு நகர நிர்வாகம் கேட்க வேண்டியதாயிற்று. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் நினைவிடமும் தன் வளாகத்தை விட்டுவிடும்படி கேட்டது. குஜராத் உயர் நீதிமன்றத்தில், வழிபாட்டுத் தலங்களில் விளையாட்டின் முட்டைகள் தோன்றுவதை எதிர்த்துப் பொதுநல வழக்கு வந்தது. அமெரிக்காவில் தங்கள் வீட்டு வாசலுக்கு அந்நியர் கூட்டம் வருவதாக வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்து, 2019இல் சமரசம் ஆனது. ஓர் இடத்தின்மேல் செங்கல் வைக்க ஆயிரம் அனுமதி வேண்டும். அதே இடத்தின்மேல் உருவத்தை வைக்க யாரைக் கேட்க வேண்டும் என்று தெளிவான விதி இல்லை. துக்கம் அனுசரிக்கும் இடத்தில் விளையாட்டுப் பொருள் தோன்றுவது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்ட பிறகு நீக்குவது போதாது, கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாற்காலியை நிறுத்துவதற்காகக் கைப்பேசி என் கூடத்தை அளந்தது. தரை எவ்வளவு பெரியது, சுவர் எங்கே, வழியில் என்ன கிடக்கிறது என்று ஒரு வரைபடமே போட்டது. அந்தப் படம் கைப்பேசிக்குள்ளேயே இருக்கலாம், ஆப் நடத்துபவரின் கணினிக்கும் போகலாம். நாற்காலி விற்பவருக்கு நம் வீட்டில் எந்த மூலை காலியாக இருக்கிறது என்பது தெரிந்தால் அது அவருக்குப் பொருளுள்ள செய்தி. ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆப்புகள் கேமராவைக் கேட்கும்போது, ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் என்ற தெரிவு இருந்தால் அந்த அனுமதியையே கொடுங்கள். வேலை முடிந்ததும் கைப்பேசியின் செட்டிங்ஸுக்குப் போய் அந்த அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.